அமெரிக்கக் கட்டடக்கலைஞர் உரிமத் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஆர்இ என்பது எதைச் சோதிக்கும் தேர்வு?

அமெரிக்காவில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றதனால் மட்டும் எவரும் தம்மை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சட்டப்படி அழைத்துக்கொள்ள முடியாது. மாநில உரிம வாரியத்திடம் உரிமம் பெற்றவருக்கே அந்தப் பெயர் உரியது. இதற்கான முதல் சட்டத்தை 1897-இல் இல்லினாய் மாநிலம் இயற்றியது. 1919-இல் மாநில வாரியங்கள் ஒன்றுகூடி, இன்று என்கார்ப் என்று அழைக்கப்படும் தேசியக் கூட்டமைப்பை உருவாக்கின. உரிமத்துக்கு எழுத வேண்டிய ஏஆர்இ (ஆர்க்கிடெக்ட் ரெஜிஸ்ட்ரேஷன் எக்ஸாமினேஷன்) தேர்வை நடத்துவது இந்தக் கூட்டமைப்பே.

மாநிலம் உரிமம் வழங்குவதன் நோக்கம் பொதுமக்களின் உடல்நலமும் உயிர்ப்பாதுகாப்பும் பொதுநலனுமே ஆதலால், தேர்வும் அதையே அளக்கிறது. உங்கள் வடிவமைப்பு அழகானதா, புதுமையானதா என்று அது ஒரு போதும் கேட்காது. ஒரு சிக்கல் எழும்போது அது யாருடைய பொறுப்பு, கட்டடக்கலைஞர் அப்போது எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை நீங்கள் அறிவீர்களா என்றுதான் கேட்கும். கல்லூரியில் சிறந்த மாணவராக இருந்தவர்கள் சிலர் இத்தேர்வில் தடுமாறுவதற்கும், ஆறேழு ஆண்டுகள் கட்டுமானத் தளங்களில் அலைந்தவர்கள் எளிதில் தேறுவதற்கும் இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

எத்தனை பிரிவுகள்? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம்?

2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஏஆர்இ 5.0 பதிப்பில் ஆறு பிரிவுகள் உள்ளன. பிராக்டிஸ் மேனேஜ்மென்ட் என்பது ஒரு நிறுவனத்தை நடத்துவது பற்றியது. புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்பது ஒரு பணியை நடத்துவது பற்றியது. புரோகிராமிங் அண்ட் அனாலிசிஸ் பிரிவில் மனையும் தேவைகளும் ஆராயப்படுகின்றன. புராஜெக்ட் பிளானிங் அண்ட் டிசைன், புராஜெக்ட் டெவலப்மென்ட் அண்ட் டாக்குமென்டேஷன் ஆகிய இரண்டு பெரிய பிரிவுகளும் வடிவமைப்பிலிருந்து கட்டுமான வரைபடங்கள் வரை செல்கின்றன. கன்ஸ்ட்ரக்ஷன் அண்ட் எவால்யூவேஷன், வேலை தொடங்கிய பின் நிகழ்பவற்றைக் கேட்கிறது.

முதல் பிரிவில் 65 கேள்விகளுக்கு 2 மணி 40 நிமிடம் தரப்படுகிறது. இரண்டு பெரிய பிரிவுகளில் தலா 100 கேள்விகளுக்கு 4 மணி 5 நிமிடமும், மற்ற மூன்றில் தலா 75 கேள்விகளுக்கு 3 மணி நேரமும் உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் ஒரு கேள்விக்குச் சுமார் இரண்டரை நிமிடமே கிடைக்கும்.

கையால் வரைய வேண்டுமா?

வேண்டாம். முந்தைய பதிப்புகளில் கணினித்திரையில் வரையும் பகுதி ஒன்று இருந்தது, 5.0 பதிப்பில் அது நீக்கப்பட்டது. இப்போது சரியான விடையைத் தெரிவுசெய்தல், பொருந்தும் விடைகள் அனைத்தையும் குறித்தல், கணக்கிட்டு எண்ணை உள்ளிடுதல், வரைபடத்தில் சரியான இடத்தைச் சுட்டுதல் போன்ற வடிவங்களிலேயே கேள்விகள் அமைகின்றன. இவற்றோடு, வரைபடங்களும் விதிப்பகுதிகளும் இணைக்கப்பட்ட கேஸ் ஸ்டடிகளும் உண்டு. ஆனால் வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு இத்தேர்வில் இடமில்லை.

எந்த வரிசையில் எழுதுவது நல்லது?

விதி எதுவும் இல்லை. ஆறையும் விரும்பிய வரிசையில் எழுதலாம். இருப்பினும், பாடங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால் வரிசை முக்கியமானது. பிராக்டிஸ் மேனேஜ்மென்ட், புராஜெக்ட் மேனேஜ்மென்ட், கன்ஸ்ட்ரக்ஷன் அண்ட் எவால்யூவேஷன் ஆகிய மூன்றுக்கும் அடிப்படை ஒப்பந்தங்களே என்பதால், அவற்றை அடுத்தடுத்து எழுதினால் ஒருமுறை படித்தது மூன்று தேர்வுகளுக்கு உதவும். அதன்பின் புரோகிராமிங், இறுதியில் இரண்டு பெரிய பிரிவுகளையும் இடைவெளியின்றி எழுதுவது என்னும் வரிசையையே நான் பரிந்துரைப்பேன். அவ்விரண்டு பிரிவுகளின் பாடத்தில் பெரும்பகுதி பொதுவானது. ஒன்றை எழுதிவிட்டு ஆறு மாதம் கழித்து மற்றொன்றுக்கு வருபவர் அதே பாடத்தை இரண்டு முறை படிக்க நேரிடும்.

கட்டுமான வரைபடங்களையே அன்றாடம் தயாரிக்கும் வேலையில் இருப்பவர் பெரிய பிரிவுகளிலிருந்து தொடங்கலாம் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால், எளிதெனத் தோன்றும் பிரிவை முதலில் எழுதித் தன்னம்பிக்கை பெறலாம் என்பது மட்டும் நல்ல யோசனையன்று. எளிதெனத் தோன்றும் பிரிவு பெரும்பாலும் நாம் சரிவரப் படிக்காத பிரிவாகவே இருக்கிறது.

பணி அனுபவம் முடிந்த பிறகுதான் எழுத முடியுமா?

உரிமத்துக்குக் கல்வி, அனுபவம், தேர்வு ஆகிய மூன்றும் தேவை. அனுபவத்தை ஏஎக்ஸ்பி என்னும் திட்டத்தின்கீழ் 3,740 மணி நேரமாகப் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலான மாநிலங்கள் இந்த நேரம் நிறைவடையும் முன்பே தேர்வெழுத அனுமதிக்கின்றன.

இந்தத் திட்டத்தின் ஆறு அனுபவப் பகுதிகளும் தேர்வின் ஆறு பிரிவுகளும் ஒரே பெயர்களைக் கொண்டவை. ஒரு பகுதியில் உங்கள் மணிக்கணக்கு ஏறாமலே இருக்கிறது என்றால், அதே பெயருள்ள பிரிவில் நீங்கள் தடுமாறப்போகிறீர்கள் என்பதற்கு அது முன்னறிவிப்பு. கட்டுமானத் தளக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது அழைத்துச் செல்லும்படி மேலாளரிடம் கேட்பது, அந்தப் பிரிவுக்காக ஒரு புத்தகம் கூடுதலாக வாங்குவதைவிடப் பயன் தரும்.

இந்தியாவில் பி.ஆர்க் படித்தவர்கள் நேரடியாக எழுதலாமா?

இந்தியாவில் உரிமத்துக்கெனத் தனித்தேர்வு இல்லை. 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்துகொள்கிறார். அந்தப் பதிவு அமெரிக்க மாநிலத்தில் செல்லாது. வெளிநாட்டுப் பட்டத்தை அமெரிக்கக் கல்வித்தரத்தோடு பாடம் பாடமாக ஒப்பிட்டு மதிப்பிடும் ஈஈஎஸ்ஏ என்னும் ஏற்பாடு உண்டு. ஏதேனும் பாடத்தில் குறை காணப்பட்டால் அதை ஈடுசெய்ய வேண்டியிருக்கும். நியூயார்க், கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் பட்டம் இல்லாதவருக்கும் கூடுதல் அனுபவத்தின் பேரில் வழி தருகின்றன. ஏற்கெனவே சொந்த நாட்டில் பதிவு பெற்ற கட்டடக்கலைஞர்களுக்கு என்கார்ப்பில் தனிப்பாதை உண்டு என்றாலும், அவர்களும் ஏஎக்ஸ்பியையும் ஏஆர்இயையும் முடித்தாக வேண்டும்.

எனவே புத்தகத்தைத் திறப்பதற்கு முன், எந்த மாநிலத்தில் உரிமம் பெற விரும்புகிறீர்களோ அந்த வாரியத்தின் விதிகளைப் படியுங்கள். மற்றொன்று: மில்லிமீட்டரிலும் சதுர மீட்டரிலும் சிந்தித்துப் பழகியவர்கள், தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே அடி, அங்குலம், பவுண்டுக்கு மாறிவிட வேண்டும். தேர்வறையில் அலகு மாற்றிக்கொண்டிருப்பவருக்கு நேரம் போதாது.

ஒப்பந்தங்களை எந்த அளவுக்குப் படிக்க வேண்டும்?

மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகமான ஏஐஏ வெளியிடும் படிவங்களில், உரிமையாளருக்கும் கட்டடக்கலைஞருக்கும் இடையிலான பி101, உரிமையாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையிலான ஏ101, கட்டுமானத்தின் பொது நிபந்தனைகளைச் சொல்லும் ஏ201, கட்டடக்கலைஞருக்கும் ஆலோசகருக்கும் இடையிலான சி401 ஆகிய நான்கும் தவிர்க்க முடியாதவை. இவற்றின் 2017 பதிப்புகளை வரி வரியாகப் படியுங்கள். சுருக்கக் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுவது இங்குதான்.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். தளத்துக்குச் செல்லும் கட்டடக்கலைஞர், வரைபடத்துக்கு மாறாக ஒரு சுவர் எழுப்பப்பட்டிருப்பதைப் பார்க்கிறார். வேலையை நிறுத்தும்படி அவர் உத்தரவிடலாமா? பெரும்பாலோர் ஆம் என்பர். ஏ201-இன்படி, ஒப்பந்தத்துக்கு இணங்காத வேலையை நிராகரிக்கும் அதிகாரமே கட்டடக்கலைஞருக்கு உண்டு. வேலையை நிறுத்தும் உரிமை உரிமையாளருடையது. அதேபோல, சாரம் எப்படிக் கட்டுவது, கான்கிரீட்டை எந்த முறையில் ஊற்றுவது என்பன போன்ற செயல்முறைகள் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. அவற்றைக் குறித்துக் கட்டடக்கலைஞர் அறிவுரை சொல்வது உதவியாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பொறுப்பைத் தம் தலையில் சுமந்துகொள்வதாகவே முடியும். தேர்வில் மிகவும் அக்கறையுள்ளவராகத் தோன்றும் விடை தவறாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

மாற்றங்களைக் குறித்த மூன்று ஆவணங்களையும் கையெழுத்துகளை வைத்து நினைவில் கொள்ளுங்கள். சேஞ்ச் ஆர்டரில் உரிமையாளர், கட்டடக்கலைஞர், ஒப்பந்தக்காரர் மூவரும் கையெழுத்திடுவர், ஏனெனில் வேலை, தொகை, காலம் மூன்றிலும் மூவரும் உடன்பட்டுள்ளனர். தொகையிலோ காலத்திலோ உடன்பாடு ஏற்படாத நிலையில் வேலை தடைபடாமல் இருக்க, உரிமையாளரும் கட்டடக்கலைஞரும் மட்டும் கையெழுத்திடும் கன்ஸ்ட்ரக்ஷன் சேஞ்ச் டைரக்டிவ் பயன்படுகிறது. தொகையும் காலமும் மாறாத சிறுமாற்றத்தைக் கட்டடக்கலைஞர் தனியாகவே ஆணையிடலாம். ஆனால் அதனால் செலவு கூடும் என்று ஒப்பந்தக்காரர் கருதினால், அவர் அதைத் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடங்காமல் இருக்க வேண்டும்.

நாட்கணக்குகளும் கேட்கப்படக்கூடியவை. பணம் கோரும் விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் கட்டடக்கலைஞர் அதைச் சான்றளிக்க வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். ஒரு தரப்பு உரிமை கோரிக்கை எழுப்பினால், நிகழ்வு நடந்த, அல்லது அது தெரியவந்த 21 நாட்களுக்குள் எழுப்ப வேண்டும்.

பி101-இல் நான் இரண்டு இடங்களைக் கோடிட்டுக் காட்டுவேன். நில அளவைப்படத்தையும் மண் ஆய்வு அறிக்கையையும் தருவது உரிமையாளரின் கடமை. மண் ஆய்வாளரை உரிமையாளரே நியமிக்கிறார், கட்டடக்கலைஞர் அல்லர். கட்டடக்கலைஞர் தம் கட்டணத்துக்குள் எந்தப் பணிகளைச் செய்ய வேண்டும், எவற்றுக்குத் தனிக்கட்டணம் கேட்கலாம் என்னும் பிரிவு இரண்டாவது. ஒப்பந்தக்காரர்களின் ஒப்பந்தப்புள்ளித் தொகை உரிமையாளரின் வரவுசெலவுத் திட்டத்தை மீறிவிட்டால் வரைபடங்களை இலவசமாகத் திருத்தித் தர வேண்டுமா என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. பொதுவாக ஆம், ஆனால் கட்டடக்கலைஞரால் எதிர்பார்த்திருக்க முடியாத சந்தை நிலவரத்தால் விலை ஏறியிருந்தால் நிலைமை வேறு.

கட்டட விதிகளின் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

சிலவற்றை மட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஏடிஏ தரத்தின்படி சாய்தளத்தின் சரிவு 1:12-ஐ மீறக்கூடாது, ஒரே ஓட்டத்தில் ஏற்றம் 30 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, கதவின் தடையற்ற அகலம் 32 அங்குலம், சக்கர நாற்காலி திரும்பும் வட்டத்தின் விட்டம் 60 அங்குலம் என்பன கேட்டவுடன் நினைவுக்கு வர வேண்டிய எண்கள். பெரிய அட்டவணைகள் பெரும்பாலும் கேஸ் ஸ்டடியின் இணைப்பாகவே தரப்படும். அவற்றில் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

எண்ணை அறிவதைவிட, எந்த எண் மேலோங்கும் என்று அறிவது கடினம். 9,000 சதுர அடி அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐபிசி என்னும் கட்டட விதித்தொகுப்பின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஒருவருக்கு 150 சதுர அடி என்று கணக்கிட்டால் 60 பேர். 49 பேருக்கு மேல் என்பதால் இரண்டு வெளியேறும் வழிகள் தேவை. ஒரு வழிக்கு 30 பேர், ஒருவருக்கு 0.2 அங்குலம் என்று பெருக்கினால் கதவுக்குத் தேவையான அகலம் வெறும் 6 அங்குலம்! கணக்கு சரிதான், ஆனால் கதவின் குறைந்தபட்ச அகலம் 32 அங்குலம் என்ற வேறொரு விதி இருப்பதால் அதுவே செல்லும். விடைத்தெரிவுகளில் ஆறும் இருக்கும், முப்பத்திரண்டும் இருக்கும். படிக்கும்போதே ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் ‘இதை மீறும் குறைந்தபட்ச விதி ஏதேனும் உண்டா?’ என்று கேட்டுப் பழகுங்கள். தேர்வு எந்த ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்பதை என்கார்ப்பின் வழிகாட்டிக் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

கணக்கு எந்த அளவுக்கு வரும்?

அஞ்சும் அளவுக்கு இல்லை. திரையிலேயே கணிப்பான் உண்டு. கட்டமைப்புப் பகுதியில் உத்தரம் எங்கே அதிகம் வளையும், நிலநடுக்க விசை எந்தப் பாதையில் அடித்தளத்தை அடையும் என்னும் புரிதல்தான் முதன்மையானது.

கட்டடக்கலைஞர்கள் உண்மையில் தவிர்க்க விரும்பும் கணக்கு நிறுவன நிதி. ஒரு பணியாளர் வாரத்தில் 40 மணி நேரம் உழைத்து, அதில் 32 மணி நேரத்தைப் பணிகளின் கணக்கில் எழுதினால், அவருடைய பயன்பாட்டு விகிதம் 80 விழுக்காடு. நிறுவனத்தின் மறைமுகச் செலவு, நேரடி ஊதியத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்றால், இழப்பின்றி நடத்த ஊதியத்தைப்போல் இரண்டரை மடங்கு வசூலிக்க வேண்டும். மணிக்கு 40 டாலர் பெறுபவருக்கு அது 100 டாலர், இலாபம் அதற்கு மேல்தான். இந்த நான்கைந்து சூத்திரங்களைப் புரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். இருந்தும் பலர் அதைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுகிறார்கள்.

எந்தப் பாடநூல்களை வாங்குவது?

வாங்குவதற்கு முன், என்கார்ப் இலவசமாகத் தரும் வழிகாட்டிக் கையேட்டையும் ஒவ்வொரு பிரிவுக்குமான மாதிரித் தேர்வையும் பயன்படுத்துங்கள். கையேட்டில் ஒவ்வொரு பிரிவின் உட்பகுதிகளும், அவற்றுக்கான கேள்விகளின் விழுக்காடும், துணைநூல்களின் அட்டவணையும் உள்ளன. துணைநூல் பட்டியல் மிக நீளமானது. அதை முழுவதும் படிக்க முயல்பவர் தேர்வை எழுதாமலே ஓய்வுபெற்றுவிடுவார். ஒரு பிரிவுக்கு ஒரு முதன்மை நூல், தேவைப்படும்போது புரட்ட ஒரு துணைநூல் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நலம்.

மாதிரித் தேர்வை முதல் வாரத்திலேயே வீணாக்கிவிடாதீர்கள் என்பது பொதுவான அறிவுரை. நான் இதில் மாறுபடுகிறேன். தொடக்கத்திலேயே ஒருமுறை எழுதினால், கேள்வியின் சொல்நடை எப்படிப்பட்டது என்பதும் எதைப் படிக்கத் தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும். பிற நிறுவனங்களின் பயிற்சிக் கேள்விகளைப் பிறகு எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அவற்றில் பல உண்மைத் தேர்வைவிட மனப்பாடத்தையே அதிகம் நாடுகின்றன.

வேலை செய்துகொண்டே படிக்க எவ்வளவு காலம் பிடிக்கும்?

ஆளுக்கு ஆள் வேறுபடும். முதலில் தேர்வு நாளைப் பதிவு செய்துவிட்டுப் படிக்கத் தொடங்குவது நல்லது. தயாரான பின் பதிவு செய்யலாம் என்று இருப்பவருக்கு அந்த நாள் வருவதே இல்லை. முதல் பிரிவுக்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டால், அதனோடு உறவுள்ள அடுத்த பிரிவுகளுக்குக் காலம் குறையும். அலுவலகத்தில் பெரிய பணி ஒப்படைக்கும் வாரத்தில் தேர்வை வைத்துக்கொள்ள வேண்டாம்.

தேர்வு நாளில் கவனிக்க வேண்டியவை எவை?

தேர்வு மையத்திலோ, இணையவழிக் கண்காணிப்புடன் வீட்டிலிருந்தோ எழுதலாம். குறிப்பெழுதத் தாள் கிடையாது. திரையிலுள்ள மின்பலகையில்தான் எழுத வேண்டும். அது பழகாத கைக்கு எரிச்சலூட்டும் கருவி என்பதால், மாதிரித் தேர்விலேயே பழகிக்கொள்ளுங்கள்.

இடைவேளையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. இடைவேளைக்கு முன் பார்த்த கேள்விகள் பூட்டப்பட்டுவிடும். திரும்பி வந்து அவற்றை மாற்ற முடியாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தவற்றை முடித்த பின்னரே எழுந்து செல்லுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால், எந்தக் கேள்வியையும் வெறுமையாக விட வேண்டாம்.

கேஸ் ஸ்டடிகளில் இணைப்புகள் பல பக்கங்கள் நீளும். அவற்றை முழுவதும் படித்துவிட்டுக் கேள்விக்கு வருவது நேரத்தை விழுங்கும். கேள்வியைப் படித்துவிட்டு இணைப்பில் தேடுவதே முறை. தனிக்கேள்விகளைத் தலா இரண்டு நிமிடத்துக்குள் முடித்தால்தான் இவற்றுக்கு நேரம் மிஞ்சும். விசித்திரமான கேள்வி ஒன்று வந்தால் கலங்க வேண்டாம். எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படும், மதிப்பெண்ணில் சேராத கேள்விகளும் ஊடே கலந்திருக்கும்.

தோல்வியடைந்தால் என்ன செய்வது?

60 நாட்கள் கழித்து அதே பிரிவை மீண்டும் எழுதலாம்; 12 மாதங்களுக்குள் ஒரு பிரிவை மூன்று முறை வரை எழுத இடமுண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் 200 டாலருக்கு மேல் கட்டணம் ஆகும் என்பதால் பலர் சோர்ந்துபோகிறார்கள். தேர்வெழுதுவோரில் தேறுபவர் பாதியை ஒட்டியே இருப்பதால், ஒரு பிரிவில் தோற்றவர் விதிவிலக்கானவர் அல்லர்.

முடிவு அறிக்கையில் உட்பகுதிவாரியாக உங்கள் நிலை குறிக்கப்பட்டிருக்கும். எல்லாப் பகுதிகளிலும் சற்றே குறைந்திருந்தால், பெரும்பாலும் அது பாட அறிவின் குறையன்று. கேள்வியைப் படிக்கும் முறையிலோ நேரப் பங்கீட்டிலோ குறை இருக்கலாம். ஒரு பகுதியில் மட்டும் பெரிதாகச் சரிந்திருந்தால் அதை மட்டும் புதிய நூலிலிருந்து படியுங்கள். காத்திருக்கும் 60 நாட்களில் தொடர்புடைய அடுத்த பிரிவை எழுதிவிட்டு, தோற்ற பிரிவுக்குத் திரும்புவது பலருக்குப் பயன்பட்ட வழி.

தேறிய பிரிவுகள் ஐந்தாண்டில் காலாவதியாகும் என்பது உண்மையா?

முன்பு அப்படி ஒரு விதி இருந்தது. 2023 ஏப்ரல் 30-ஆம் நாளோடு என்கார்ப் அதை நீக்கியது. இப்போது தேறிய பிரிவு, அதை எழுதிய பதிப்பு நடப்பில் இருக்கும் வரையிலும், அதற்கு அடுத்த பதிப்பு முழுவதும் செல்லும். குழந்தைப்பேறு, நோய், வேலை இழப்பு ஆகியவற்றால் இடையில் நிறுத்தியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மாநில வாரியங்கள் தத்தம் விதிகளை வைத்திருக்க முடியும் என்பதால் அங்கும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

தேர்வில் வந்த கேள்விகளை நண்பர்களோடு பகிரலாமா?

கூடாது. தேர்வுக்கு முன் நீங்கள் ஏற்கும் உடன்படிக்கை அதைத் தடுக்கிறது. மீறினால் முடிவுகள் ரத்தாகும் அபாயம் உண்டு. சேர்ந்து படிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு பிரிவை ஒருவர் உரிமையாளராகவும் மற்றவர் ஒப்பந்தக்காரராகவும் நின்று வாதிட்டுப் பார்ப்பது, தனியாகப் பத்து முறை படிப்பதைவிட நன்றாக மனத்தில் பதியும்.

ஆறு பிரிவுகளிலும் தேறியதும் உரிமம் கையில் வந்துவிடுமா?

இல்லை. மாநில வாரியத்திடம் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். ஏஎக்ஸ்பி மணிக்கணக்கும் கல்விச் சான்றும் அதற்குள் நிறைவடைந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் அம்மாநிலத்துக்கே உரிய கூடுதல் தேர்வு ஒன்றையும் எழுத வேண்டும். உரிம எண் வழங்கப்படும் வரை பெயர் அட்டையிலோ மின்னஞ்சல் கையொப்பத்திலோ ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளாதீர்கள். ஆறிலும் தேறியிருந்தாலும் அது சட்டமீறலே.